கவிழ்த்து வைத்த பரிசல்

காவிரிக்கு நடுவில் ஒரு திட்டு. சுற்றிலும் நாணல். காலைப் பனி விலகும்வரை அது தண்ணீரில் இருக்கிறதா, ஆகாயத்தில் இருக்கிறதா என்று சொல்ல முடியாது. அங்கே பாவாயம்மா இருந்தார். வயது நாற்பது. அவரைத் தாயே என்று கூப்பிடும் சீடர் சென்னியப்பனுக்கோ ஐம்பத்து நாலு.

சென்னியப்பன் மனைவி அருக்காணியோடு அங்கே வந்து பத்து நாள்தான் ஆகிறது. அக்கரை ஆஸ்பத்திரியில் முழு உடம்புப் பரிசோதனைக்கு அவர் பேரைக் கொடுத்தது அருக்காணிதான். இதே வயதில்தான் சென்னியப்பனின் அண்ணனுக்குச் சர்க்கரை முற்றிக் காலை எடுத்தார்கள். மனுஷனுக்கு அந்தப் பயம். அதனால் தினமும் பாகற்காய்ச் சாறு, வெந்தயம், திட்டைச் சுற்றி இருபது சுற்று நடை. வீட்டில் இருந்தால் நாளைக்கு ஆறு டீ, ஆறிலும் சர்க்கரை தூக்கல்! திடீரென்று வந்ததே வைராக்கியம்!

குதிகாலில் மட்டும் ஒரு துணி கட்டியிருந்தார். முள் குத்திவிட்டது என்றார். குத்தி மூன்று மாதமாகியும் ஆறவில்லை என்பதை யாரிடமும் சொல்லவில்லை. பாவாயம்மாவும் கேட்கவில்லை.

"நாளைக்குப் பரிசோதனைங்க தாயே. இன்னிக்கு ராத்திரி எட்டு மணிக்கு மேல தண்ணி மட்டும்தான் குடிக்கலாமாம். ரிசல்ட் சுத்தமா வரணும். வேற என்ன பண்ணட்டுங்க?"

"நீங்க போற பரிசலைக் கவுத்து வெச்சிருக்கேன். அடியில உக்காந்து ஓட்டை இருக்குதான்னு பாருங்க அய்யா."

போன வாரம் அந்தப் பரிசலுக்குத் தார் பூசியது சென்னியப்பன்தான். நடை பாக்கி இருக்கிறதே என்று அரக்கப்பரக்கப் பூசியிருந்தார்.

உச்சி வெயில். பரிசலுக்கு அடியில் நுழைந்தால் கும்மிருட்டு. கண் பழகியதும் மேலே சிறு துளையில் வெயில் ஒரு வெள்ளியாய் முளைத்தது. அப்புறம் இன்னொன்று. மொத்தம் ஏழு. ஆற்றின் சத்தம், யாரோ தூக்கத்தில் பேசுவது போலத் தூரத்தில் கேட்டது. எவ்வளவு அழகு! கொஞ்ச நேரம் தன்னையே மறந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகுதான் உறைத்தது. ஐயையோ, இதெல்லாம் நான் பூசின லட்சணமல்லவா! தாயார் பார்த்தால் மானம் போய்விடுமே! ஈர மண்ணைப் பிசைந்து ஏழு ஓட்டையையும் அடைத்தார்.

பாவாயம்மா குனிந்து உள்ளே வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

"பொட்டு வெளிச்சம்கூட இல்லையே."

"இல்லீங்க தாயே."

"நல்லதாப் போச்சு. காலையில அருக்காணியக்காவையும் ஏத்திக்கிட்டு இதுலயே போயிடுங்க."

வெளியே அருக்காணி துணி அலசும் சத்தம் கேட்டது. நடு ஆற்றில் இரண்டு ஆள் ஆழம். அவளுக்கு நீச்சல் தெரியாது.

"தாயே, வேண்டாங்க. ஏழு ஓட்டை இருக்குது. மண்ணை வெச்சு அடைச்சுப்போட்டேன்."

"எதுக்கு?"

"நீங்க பார்க்க வருவீங்கன்னு..."

சென்னியப்பனே மண்ணை ஒவ்வொன்றாகக் குத்தித் தள்ளினார். ஏழு வெள்ளியும் திரும்ப முளைத்தன. பாவாயம்மா அவற்றை அண்ணாந்து பார்த்தார். முகத்தில் கோபமே இல்லை.

"வாங்க, தார் காய்ச்சலாம்."

சாயங்காலத்துக்குள் வேலை முடிந்தது. ஆற்றின் மேல் வெளிச்சம் மஞ்சளாகக் கிடந்தது. சென்னியப்பன் பரிசலைத் தடவிப் பார்த்தார்.

"பத்து நாளா பாகற்காய்ச் சாறு குடிச்சதை டாக்டர்கிட்டச் சொல்லிடறேனுங்க தாயே. அப்புறம், பரிசோதனைக்கு எப்படிப் போகட்டுங்க?"

பாவாயம்மா தார்க் குச்சியைக் கீழே வைத்தார்.

"அந்தக் குதிகால் துணியை அவுத்துட்டுப் போங்க அய்யா."