படமில்லாத அட்டை

இந்தக் கதை எனக்கு நேராகக் கிடைத்ததல்ல. திருப்பூரில் பி.எட். படித்த தவமணி தன் அறைத்தோழியிடம் சொல்ல, அந்தத் தோழி பேருந்தில் வைத்து எனக்குச் சொன்னாள். பெட்டிக்குள் பொருள்கள் பேசிக்கொண்டதை யார் கேட்டார்கள் என்று விசாரித்தேன். "அதையெல்லாம் நோண்டாத, கதையக் கேளு" என்றாள். கேட்டபடியே எழுதுகிறேன்.

ஒரு தகரப் பெட்டி இருந்தது. தமிழ் தெரியாதவர்களுக்குத் தமிழ் கற்பிக்கிற சாமான்கள் அதற்குள் இருந்தன: தடித்த இலக்கணப் புத்தகம், உள்ளங்கை அளவு ஸ்பீக்கர், ரப்பர் பேண்டு போட்ட பட அட்டைக் கட்டு. கட்டின் அடியில், மற்ற அட்டைகளின் அதே அளவில், இரண்டு பக்கமும் வெள்ளையாக ஓர் அட்டை கிடந்தது.

"நீ எதுக்கு வந்தே?" என்று மாம்பழ அட்டை முதல் நாளே கேட்டது.

"தெரியல. கட்டோட வந்தேன்."

"உன் மேல என்ன இருந்துச்சு?"

"எதுவும் இருந்ததா ஞாபகம் இல்ல."

"வெயில்ல காயப் போட்டிருப்பாங்க, வெளுத்துப் போச்சு" என்றது நாய் அட்டை. கட்டு முழுவதும் சிரித்துக் குலுங்கியது. வெள்ளை அட்டை இன்னும் கொஞ்சம் கீழே ஒதுங்கிக்கொண்டது.

பெட்டிக்கு உரியவள் தவமணி. ஞாயிற்றுக்கிழமை காலைகளில் ஒரு பனியன் கம்பெனியின் சாப்பாட்டுக் கூடத்தில் வகுப்பு எடுத்தாள். வெளி மாநிலங்களிலிருந்து வேலைக்கு வந்த பெண்கள் நாலைந்து பேர் வருவார்கள். ஒரு வகுப்பும் விடாமல் வந்தவள் ஒடிசாக்காரி மினதி மட்டும்தான்.

அதற்குக் காரணம் இருந்தது. மினதி டைலருக்குத் துணி மடித்துக் கொடுக்கும் கைமடி வேலையில் இருந்தாள். அது ஒப்பந்தக்காரர் வேலை. மாதக் கடைசியில் அவர் தன் ஆட்களை வேறு ஊருக்கு ஏற்றி அனுப்பப் போகிறார் என்று பேச்சு. போனால் மினதியின் மகள் மூன்றாவது தடவையாகப் பாதியில் பள்ளியை விட வேண்டும். தைத்த துணியில் குறை பார்க்கும் செக்கிங் மேஜை கம்பெனியின் சொந்த வேலை. அது கிடைத்தால் இங்கேயே இருக்கலாம்.

சூப்பர்வைசர் சம்பூர்ணம் ஒளிக்காமல் சொல்லிவிட்டாள். "கண்ணு உனக்கு நல்லா இருக்குது அம்மிணி. ஆனா செக்கிங்னா வாயும் வேணும். தப்பப் பாத்துப்போட்டு வாய மூடிட்டு நின்னா டைலருக்கு எப்படித் தெரியும்?"

பெட்டியில் இருந்தவை எல்லாம் மினதிக்காகவே உழைத்தன. தவமணியின் கல்லூரியில் வாரத்துக்கு ஒரு கற்பித்தல் முறையைப் பயின்று, அதே முறையில் பாடம் எடுத்துக் காட்ட வேண்டும். அதனால் பெட்டிக்குள் ஒவ்வொருவருக்கும் முறை வந்தது.

முதலில் புத்தகம் போனது. மூன்று காலம், மூன்று இடம், ஒருமை, பன்மை என்று வரிசையாகக் கற்றுக் கொடுத்தது. திரும்பி வந்து, "அஸ்திவாரம் போட்டாயிற்று. இனி நீங்கள் சுண்ணாம்பு அடித்தால் போதும்" என்றது.

அடுத்து ஸ்பீக்கர் போனது. அதற்கு எதையும் ஒரு தடவை சொல்லிப் பழக்கமில்லை. "உங்கள் பெயர் என்ன? உங்கள் பெயர் என்ன? என் பெயர் கமலா. என் பெயர் கமலா." மினதி அச்சுப் பிசகாமல் திருப்பிச் சொன்னாள். ஒரு நாள் கம்பெனி வாசலில் காவல்காரர் பெயர் கேட்டபோதும், "என் பெயர் கமலா" என்றாள்.

கடைசியாக அட்டைகள் போயின. தவமணி ஒவ்வொன்றாகத் தூக்கிப் பிடித்து, "இது என்ன?" என்பாள். "இது மாம்பழம்." "இது என்ன?" "இது சட்டை." "இது என்ன?" "இது பனியன்." அட்டைகள் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு பெட்டிக்குத் திரும்பின. வெள்ளை அட்டையை யாரும் தூக்கவில்லை. அடியில் கிடந்தபடி அது எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தது.

சனிக்கிழமை சம்பூர்ணம் ஒரு சோதனை வைத்தாள். தோளில் தையல் விட்டுப்போன பனியன் ஒன்றை மினதியிடம் கொடுத்து, தைத்தவரிடம் போய்க் கேட்கச் சொன்னாள். தைத்தவன் கனகு.

"என்னக்கா?" என்றான் கனகு.

மினதி பனியனை அவன் முன்னால் நீட்டினாள். பிறகு, "இது பனியன்" என்றாள்.

"ஆமாங்க்கா. நான்தான் தெச்சேன்."

"இது தோள்."

தையல் லைன் முழுக்கச் சிரித்தது. சம்பூர்ணம் மட்டும் சிரிக்கவில்லை. "திங்கக்கிழம இன்னொருக்கா பாக்கறேன் அம்மிணி. அதுக்கு மேல எங்கையில இல்ல."

மறுநாள் வகுப்பில் பாதி வார்த்தையாலும் பாதி கையாலும் மினதி இதைச் சொல்லி முடித்தாள். தவமணி பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். பெட்டிக்குள் சண்டை தொடங்கியது.

"அஸ்திவாரம் பலமாகத்தான் இருந்தது" என்றது புத்தகம். "மேலே கட்டியவர்கள்தான் சரியில்லை."

"உச்சரிப்புல ஒரு குற்றம் சொல்ல முடியாது. ஒரு குற்றம் சொல்ல முடியாது" என்றது ஸ்பீக்கர்.

"பனியனைப் பனியன்னுதானே சொன்னா? அதுல என்ன தப்பு?" என்றது பனியன் அட்டை.

வெள்ளை அட்டை தயங்கித் தயங்கிப் பேசியது. "இத்தன வாரமா அவளயே கேட்டுட்டிருந்தோம். அதுவும் நமக்கு முன்னாலயே பதில் தெரிஞ்சதையே. அவ எப்பவாவது ஏதாவது கேட்டாளா?"

"வெறும் அட்டைக்கு வாயைப் பாரு" என்றது நாய் அட்டை.

அந்த நேரம் தவமணியின் கை உள்ளே வந்து கட்டை எடுத்தது. பதற்றத்தில் இழுத்ததில் ரப்பர் பேண்டு அறுந்து, அட்டைகள் மேஜையெல்லாம் சிதறின. அள்ளி அடுக்கியபோது அடியில் இருந்தது மேலே வந்துவிட்டது. தூக்கிப் பிடிக்கும்போது அட்டையின் முதுகுதான் ஆசிரியர் பக்கம் இருக்கும். எல்லா முதுகும் வெள்ளைதான். அதனால் தவமணி கவனிக்கவில்லை.

"இது என்ன?" என்றாள்.

மினதி அட்டையை உற்றுப் பார்த்தாள்.

"சொல்லுங்க. தெரிஞ்சதுதான்."

வெள்ளை அட்டைக்குக் கூசியது. தன்னிடம் இல்லாததெல்லாம் விளக்கு வெளிச்சத்தில் தெரிகிறது என்று நினைத்தது. மினதி எழுந்து வந்து அதை வாங்கிக்கொண்டாள். முன்னும் பின்னும் திருப்பினாள். ஓரத்தைக் கட்டைவிரலால் தடவினாள். துணியைப் பார்ப்பதுபோல வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்தாள்.

"இதுல ஏன் படம் இல்ல?" என்றாள்.

தவமணி அப்போதுதான் அட்டையைப் பார்த்தாள். "தெரியலையே."

"யாரு செஞ்சாங்க?"

"ஏதோ அச்சகத்துல."

"நீ வாங்கும்போது பாக்கல?"

பெட்டிக்குள் புத்தகம் துடித்தது. "ஆசிரியரை 'நீ' என்கிறாள். மரியாதைப் பன்மையை முழுசாக ஒரு மணி நேரம் நடத்தினேன்."

"பேசட்டும் விடு" என்றது ஸ்பீக்கர். முதல் முறையாக அது ஒரு தடவையோடு நிறுத்திக்கொண்டது.

"பாக்கல" என்றாள் தவமணி.

"ஏன் பாக்கல?"

"மழ வந்துச்சுங்க. பஸ்ஸு வேற கெளம்பப் பாத்துச்சு."

"எந்தக் கட? திருப்பிக் குடுத்தா வேற குடுப்பான்?"

தவமணிக்குச் சிரிப்பு வந்தது. அதுவரை மினதியுடைய கேள்விக்குத் தான் யோசித்துப் பதில் சொன்னதே இல்லை என்பதும் உறைத்தது. மினதி விடவில்லை. கடையைக் கேட்டாள், விலையைக் கேட்டாள், மழையில் நனைந்தாயா என்று கேட்டாள். பாதி வாக்கியங்கள் நொண்டின. தவமணி திருத்தவில்லை. பதில் சொல்லிக்கொண்டே இருந்தாள். வெள்ளை அட்டை மினதியின் கையிலேயே இருந்தது. தன்னை யாரும் மாம்பழமாகவோ நாயாகவோ இருக்கச் சொல்லவில்லை என்பது மெதுவாக அதற்குப் புரிந்தது.

திங்கட்கிழமை சம்பூர்ணம் இன்னொரு பனியனைக் கொடுத்தாள். மினதி அதைக் கனகுவின் முன்னால் வைத்து, விட்டுப்போன இடத்தில் விரலை ஊன்றினாள்.

"அண்ணா, இங்க தையல் ஏன் விட்டுப்போச்சு?"

கனகு சிரிக்கத்தான் வாயைத் திறந்தான். ஆனால் கேள்வி கேட்டாயிற்று. பதில் சொல்லியாக வேண்டும். பனியனைத் திருப்பிப் பார்த்தான், மெஷினைக் குனிந்து பார்த்தான். "ஊசி மொன்ன ஆயிருச்சுங்க்கா. மாத்திக்கறேன்" என்றான்.

"எப்ப மாத்துவ?" என்றாள் மினதி.

சம்பூர்ணம் அவளைக் கூட்டிக்கொண்டு செக்கிங் மேஜைக்குப் போனாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை இது பெட்டிக்குத் தெரிந்தது. "அந்த 'ஏன்' என்னுடைய பாடத்தில் உள்ளது" என்றது புத்தகம். "உச்சரிப்பு என்னோடது, என்னோடது" என்றது ஸ்பீக்கர். "தையல்ங்கிற சொல்லு எங்க கட்டுலதான் இருக்கு" என்றது ஊசிநூல் அட்டை. யார் சொன்னதும் பொய்யில்லை.

"உன்னோடது என்ன?" என்று மாம்பழம் வெள்ளை அட்டையைக் கேட்டது. இந்தத் தடவை கேலியாகக் கேட்கவில்லை.

"என்னோடது ஒன்னுமில்ல" என்றது வெள்ளை அட்டை.

கதை இவ்வளவுதான். இதில் என்னால் சரிபார்க்க முடிந்தது ஒன்றே ஒன்று. அட்டைக் கட்டின் மேலுறையில் இருந்த எண்ணைத் தோழி மூலம் வாங்கிப் போன் செய்து, படமில்லாத அட்டை எப்படி வந்தது என்று கேட்டேன். அது அச்சுப் பிழை இல்லையாம். மற்ற அட்டைகள் உரசி அழுக்காகாமல் இருக்க ஒவ்வொரு கட்டிலும் ஒன்று வைப்பார்களாம். பிரித்ததும் தூக்கிப் போட்டுவிடலாம் என்றார்கள்.