சூடம் அணைக்காதவன்

ராஜாவை விரட்டிவிட்டு ஊரார் ஆட்சியைப் பிடித்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. புது ஆட்சியின் தலைவன் சேந்தன் அலறியடித்துக்கொண்டு மலையடி மடத்துக்கு ஓடிவந்தான். அங்கே அவனுடைய குரு நாகாத்தாள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"அம்மா, எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. இருளாண்டி இப்படிப் பண்ணுவான்னு கனவுலகூட நினைக்கல."

"என்னப்பா பண்ணினான்?"

"புது ஆட்சிக்கு விசுவாசமா இருப்பேன்னு ஊரே சூடம் அணைச்சுச் சத்தியம் பண்ணுது. இவன் மட்டும் அத்தனை பேர் முன்னாடி மாட்டேன்னுட்டான். என் உயிர்ச் சிநேகிதன்மா!"

"ஏனாம்?"

"நாளைக்கு நீ தப்பு பண்ணினா எதிர்த்துக் கேக்கணுமேன்னு மூஞ்சிக்கு நேரா சொல்றான். இதை விட்டா ஆளாளுக்குக் கிளம்பிடுவாங்க. காலையில தூக்குன்னு உத்தரவு போட்டுட்டேன். போட்ட கையோட இங்க ஓடிவந்தேன். ஆட்சி நிலைக்கணும்னா வேற வழி இருக்கா, சொல்லுங்க."

நாகாத்தாள் கீரையை ஒதுக்கி வைத்தாள். ஒரு கட்டிச் சூடத்தைத் தரையில் வைத்து ஏற்றினாள்.

"செஞ்ச சத்தியத்தை மீற மாட்டேன்னு சொல்லி இதை அணை."

இதற்கெல்லாம் யோசிக்கிற ஆளா சேந்தன்? மளமளவென்று சொல்லிவிட்டு, எரிகிற சூடத்தை உள்ளங்கையால் பொத்தி அணைத்தான். முகத்தில் ஒரு சுளிப்பு இல்லை.

"சுடலையா?"

"பழகிப்போச்சும்மா. ராஜாவுக்கு வருஷாவருஷம் அணைச்ச கைதானே."

"ராஜாவுக்கும் சத்தியம் பண்ணினியா?"

"நான் மட்டுமா? ஊரே பண்ணுச்சு. இருளாண்டி ஒருத்தன்தான் கடைசிவரைக்கும்..."

சேந்தன் பாதியில் நிறுத்திவிட்டான். அடக் கொடுமையே! சூடம் அணைக்க மாட்டேன் என்றதற்காகத்தானே அந்த மனிதனை ராஜா சிறையில் தள்ளினான். அவனை மீட்கத்தானே ஊர் முதன்முதலில் கோட்டைக் கதவை இடித்தது. முன்னால் நின்று இடித்தவன் சேந்தன்தான்.

அவன் அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

"அம்மா, ராஜா செஞ்சதையேவா நானும் செய்யறேன்?"

நாகாத்தாள் கீரைக்கட்டை மறுபடி கையில் எடுத்தாள்.

"இல்லப்பா. ராஜா அவனை உயிரோட வெச்சிருந்தான்."