மூன்று வாரமா, ஆறு வாரமா

முதலில் ஒரு விடுகதை.

நாலெழுத்துச் சொல். பள்ளிக்கூடத்தில் சொன்னால் பெஞ்சு மேல் ஏற்றிவிடுவார்கள். பெரிய படிப்புப் படித்தவர் வாயில் அது லேசில் வராது. ஆனால் அந்தச் சொல் இல்லாமல் உலகத்தில் எந்த மருந்தும் பிறந்ததில்லை.

என்ன சொல்?

அவசரமில்லை. டாக்டர் அருள்வேலனுக்கே அதைக் கண்டுபிடிக்க நான்கு மாதம் ஆயிற்று.

*

"மூணு தடவை திருப்பி அனுப்பிட்டீங்க," என்றார் டாக்டர். "என்ன குறைன்னாவது சொல்லுங்கம்மா."

செல்லக்கனி தன் ஷேர் ஆட்டோவின் முன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். துணியை உதறினார்.

"மூணாவதுல படம் நல்லாயிருந்துச்சு சார்."

"படம் நல்லாயிருந்தா ஏன் திருப்பி அனுப்பினீங்க?"

"படம் மட்டும்தான் நல்லாயிருந்துச்சு."

டாக்டருக்கு ஐம்பத்து நாலு வயது. இருபத்தேழு வருடமாகக் குழந்தைகளின் சிறுநீரகத்துக்கு வைத்தியம் பார்க்கிறவர். செல்லக்கனிக்கு முப்பத்தேழு. பஸ் நிலையத்துக்கும் குழந்தைகள் மருத்துவமனைக்கும் இடையே ஆட்டோ ஓட்டுகிறவர்.

அந்த மருத்துவமனையில் யாரை வைத்து எந்த ஆய்வு செய்வதென்றாலும், முதலில் நெறிமுறைக் குழு சரி சொல்ல வேண்டும். குழுவில் டாக்டர்கள் உண்டு, வக்கீல் உண்டு. மருத்துவம் படிக்காத ஒருவரும் கட்டாயம் இருக்க வேண்டும் என்பது விதி. அந்த நாற்காலி இரண்டு வருடமாகச் செல்லக்கனியுடையது.

மற்றவர்கள் தடித்த கோப்பை முழுதும் புரட்டுவார்கள். செல்லக்கனி ஒரே ஒரு பக்கத்தைப் படிப்பார். ஆய்வில் சேரப்போகும் குழந்தைக்கென்று எழுதிய பக்கம்.

முதல் தடவை, "பிள்ளைக்குப் புரியாது," என்று ஓரத்தில் எழுதி அனுப்பினார்.

இரண்டாவது தடவை, "புரியுது. ஆனா உண்மை இல்லை."

மூன்றாவது தடவைதான் படம்.

"எனக்கு எட்டு மணிக்கு வார்டு," என்றார் டாக்டர்.

"ஏறுங்க சார். போற வழியில சொல்லுங்க. ஆஸ்பத்திரி வாறதுக்குள்ள எனக்குப் புரிய வச்சிருங்க."

*

டாக்டர் ஏறினார். சொன்னார்.

இந்த நோய் வந்த பிள்ளைக்கு, உடம்பில் தங்க வேண்டிய புரதச் சத்து சிறுநீரில் ஒழுகிப்போகும். கண் இமை வீங்கும், கால் வீங்கும். மாத்திரை கொடுத்தால் ஒழுக்கு நிற்கும். நின்றதா என்று பார்க்க வீட்டிலேயே ஸ்டிரிப் என்று ஒரு சின்னக் காகிதப் பட்டை உண்டு. காலையில் முதல் சிறுநீரில் அதைத் தொட்டு எடுக்க வேண்டும். பச்சையானால் ஒழுகுகிறது. மஞ்சளாகவே இருந்தால் நல்லது. அதைத் தாய்மார்கள் தினமும் ஒரு நோட்டில் எழுதி வருவார்கள்.

மஞ்சள் வந்த பிறகும் ஆறு வாரம் மாத்திரை உண்டு. அதனால் முகம் உப்பும். அடங்காத பசி எடுக்கும். உயரம் சட்டென்று ஏறாது.

"ஆறு வாரத்தை மூணாக் குறைச்சுப் பார்க்கப் போறோம். அவ்வளவுதான்."

"எல்லாப் பிள்ளைக்குமா?"

"பாதிப் பேருக்கு மூணு, பாதிப் பேருக்கு வழக்கம்போல ஆறு. யாருக்கு எதுன்னு ஒட்டின உறைக்குள்ள இருக்கும். வரிசையாத் திறப்போம். நாங்களாப் பிரிச்சா ஒப்பீடே பொய்யாயிரும்."

"குறைச்சா நோய் திரும்பி வராதா?"

"வராதுன்னுதான் நினைக்கிறோம்."

ஆட்டோ இடது பக்கம் திரும்பியது. கொஞ்ச தூரம் போய் மறுபடியும் இடது பக்கம் திரும்பியது. டாக்டர் அந்தத் தெருவை இதற்கு முன் பார்த்ததில்லை.

"இது ஆஸ்பத்திரி வழி இல்லையே."

"இல்ல சார்."

"எங்க போகுது?"

"நல்ல இடத்துக்குத்தான் போகும்னு நினைக்கேன்."

"நினைக்கிறீங்களா?"

"ரோடு அகலமாத்தான இருக்கு."

டாக்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "ஏறும்போதே இதைச் சொல்லியிருக்கலாம்ல?"

செல்லக்கனி ஆட்டோவை ஓரமாக நிறுத்தினார். திரும்பிப் பார்த்தார்.

"சொல்லியிருந்தா ஏறியிருப்பீங்களா?"

வெளியே ஒருவர் கடைக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார். அவர் தெளித்து முடிக்கும் வரை டாக்டர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏறியிருப்பேன்னுதான் நினைக்கிறேன். ஆனா நானா ஏறியிருப்பேன்."

செல்லக்கனி ஆட்டோவைத் திருப்பினார்.

அன்று டாக்டர் வார்டுக்கு இருபது நிமிடம் தாமதமாகப் போனார். நோயாளிகளைப் பார்த்து முடித்ததும் பிள்ளைக்கான அந்தப் பக்கத்தை எடுத்து, படம் உட்பட எல்லாவற்றையும் கோடு போட்டு அடித்தார். மேலே புதிதாக எழுதினார்:

"மூன்று வாரம் போதுமா என்று எங்களுக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் உன்னைக் கேட்க மாட்டோம். கொடுத்துவிடுவோம்."

விடுகதையின் விடை உங்களுக்கும் கிடைத்திருக்கும்.

அடுத்த கூட்டத்தில் டாக்டருக்கு ஒரே ஒரு கவலை இருந்தது. "இருபத்தேழு வருஷ டாக்டர் தெரியாதுன்னு எழுதினா, எந்தத் தாய் பிள்ளையைச் சேர்ப்பா?"

"எனக்கும் அதைத்தான் பார்க்கணும்," என்றார் செல்லக்கனி. கையெழுத்துப் போட்டார்.

*

சேர்த்தார்கள். இரண்டு மாதத்தில் பதினோரு பிள்ளைகள்.

குழு உறுப்பினர் யாராவது வந்து, டாக்டர் பிள்ளைகளிடம் எப்படிக் கேட்கிறார் என்று உட்கார்ந்து பார்க்கலாம். ஒரு செவ்வாய்க்கிழமை இரண்டு சவாரிக்கு நடுவில் செல்லக்கனி வந்தார். டாக்டரின் நாற்காலிக்குப் பின்னால், சுவர் ஓரம் கிடந்த பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்தார்.

அன்று வந்தவள் ரிஸ்வானா. பத்து வயது. கூடவே அவள் உம்மா மும்தாஜ். ரிஸ்வானாவுக்கு நோய் மூன்றாவது தடவையாகத் திரும்பியிருந்தது. மாத்திரை தொடங்கி ஸ்டிரிப் மஞ்சளாகிவிட்டது. ஆனால் இமை வீக்கம் வடிந்த முகத்தில் இப்போது கன்னம் உப்பியிருந்தது.

"கிளாஸ்ல என்னைய பன்னுன்னு கூப்பிடுதாங்க," என்றாள் ரிஸ்வானா. புகார் போல இல்லை, தகவல் போலச் சொன்னாள்.

டாக்டர் பக்கத்தைப் படித்துக் காட்டினார்.

"தெரியாதா? நீங்க டாக்டர்தான?"

"டாக்டர்தான். இது தெரியாது."

"சும்மா இரி புள்ள," என்றாள் மும்தாஜ். "சாரையே எதிர்க் கேள்வி கேக்கா."

"கேக்கட்டும்மா. கேக்கத்தான் கூப்பிட்டிருக்கு."

ரிஸ்வானா யோசித்தாள். "அப்ப ஆறு வாரம்னு மட்டும் யாரு சொன்னா?"

இருபத்தேழு வருடத்தில் இதை டாக்டரிடம் யாரும் கேட்டதில்லை.

"பிள்ளைங்கதான் சொன்னாங்க," என்றார்.

"எந்தப் பிள்ளைங்க?"

"ரொம்ப வருஷம் முன்னாடி, வேற வேற ஊர்ல, உனக்கு இருக்கிற இதே நோய் இருந்த பிள்ளைங்க. அதுக்கும் முன்னாடி இதுக்கு மருந்தே கிடையாது. நிறையப் பேர் பிழைக்கல. அப்புறம் மாத்திரை வந்துச்சு. எத்தனை நாள் கொடுக்கணும்னு யாருக்கும் தெரியல. சில பிள்ளைங்க கொஞ்ச நாள் சாப்பிட்டாங்க. சில பிள்ளைங்க நிறைய நாள் சாப்பிட்டாங்க. ரெண்டையும் எழுதி வச்சுப் பார்த்தாங்க."

"அவங்க பேரு என்ன?"

"பேரு எழுத மாட்டாங்கம்மா. நம்பர்தான்."

அந்தப் பழைய ஆய்வுக் கட்டுரைகளை டாக்டர் எத்தனையோ தடவை படித்திருக்கிறார். அதில் இருக்கும் அட்டவணைகள் மனப்பாடம். அந்த எண் ஒவ்வொன்றுக்கும் இரண்டு வீங்கிய இமைகள் இருந்திருக்கும் என்று இன்றைக்குத்தான் தோன்றியது. எந்த ஊரோ, யார் பெற்ற பிள்ளைகளோ. ஊசிக்குக் கை நீட்டியிருக்கிறார்கள். அந்தக் கைகளால்தான் அவர் இருபத்தேழு வருடமாகச் சோறு சாப்பிடுகிறார். அவர் வார்டுப் பிள்ளைகள் வீட்டுக்குத் திரும்பிப் போகிறார்கள். எழுந்து நின்று கும்பிட வேண்டும் போல இருந்தது அவருக்கு. யாரைப் பார்த்துக் கும்பிடுவது?

"சார்," என்றாள் ரிஸ்வானா. "சேர்ந்தா மூணு வாரம் கிடைக்குமா?"

"கிடைக்கலாம். கிடைக்காமலும் போகலாம்."

"நீங்க உறையைப் பார்த்துட்டுச் சொல்லக் கூடாதா?"

"ஒட்டியிருக்கு. நானும் பார்க்க முடியாது."

ரிஸ்வானா உம்மாவைப் பார்த்தாள். மும்தாஜ், உன் இஷ்டம் என்பதுபோலக் கையை விரித்தாள்.

"சேருதேன்," என்றாள்.

மும்தாஜ் கையெழுத்துப் போட்டாள். டாக்டர் பழுப்பு உறைகளின் அடுக்கிலிருந்து பன்னிரண்டாவதை எடுத்துக் கிழித்தார். உள்ளே ஒரு சின்னச் சீட்டு.

ஆறு வாரம்.

*

ரிஸ்வானா அழவில்லை. கை மட்டும் தானாகக் கன்னத்துக்குப் போயிற்று.

"சார்," மும்தாஜ் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "அடுத்த உறை இருக்குல்ல. அதைத் திறங்களேன். புள்ள ஸ்கூலுக்குப் போகவே மாட்டேங்கா. யாருக்குத் தெரியப் போவுது?"

டாக்டர் கை அடுக்கின் மேல் இருந்தது. பதிமூன்றாவது உறை அந்தக் கைக்கு நேர் கீழே.

ஒரு பிள்ளைதானே என்று தோன்றியது அவருக்கு. இந்த முகங்களுக்காகத்தானே இத்தனையும். அவருக்குக் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. அதனால்தான் கையை எடுக்க முடியவில்லை.

திரும்பிச் செல்லக்கனியைப் பார்த்தார்.

செல்லக்கனி எழுந்தார். உட்கார்ந்திருந்த ஸ்டூலைத் தூக்கினார். மேசையைச் சுற்றி வந்து, ரிஸ்வானாவுக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார். பிறகு ரிஸ்வானாவைப் போலவே டாக்டரை நிமிர்ந்து பார்த்தார்.

டாக்டர் அவரைப் பார்த்தார். ரிஸ்வானாவைப் பார்த்தார். அந்தப் பிள்ளையிடம் சொல்ல வேண்டியது ஒன்று இன்னும் மீதியிருந்தது. கையை உறைகளின் மேலிருந்து எடுத்தார்.

எழுந்து மேசையைச் சுற்றி வந்தார். அந்தப் பக்கம் வேறு நாற்காலி இல்லை. குந்தி உட்கார்ந்தார். முழங்கால் சொடுக்கியது.

"ரிஸ்வானா, கடைசி வரி ஒண்ணு இருக்கு. அதை நான் வேகமா வாசிச்சுட்டேன்."

பதினோரு பிள்ளைகளிடமும் அப்படித்தான் வாசித்திருந்தார்.

"இப்பவும் நீ வேண்டாம்னு சொல்லலாம். எப்ப வேணாலும் சொல்லலாம்."

"வேண்டாம்னா மூணு வாரம் தருவீங்களா?"

"இல்லம்மா. வேண்டாம்னாலும் ஆறு வாரம்தான். வழக்கமா எல்லாருக்கும் கொடுக்கிறது அதுதான்."

"இருந்தா?"

"இருந்தாலும் ஆறு வாரம். கூடவே ஒரு வருஷம் தினமும் நோட்டு எழுதணும். மூணு மாசத்துக்கு ஒரு தடவை இங்க வந்து ரத்தம் கொடுக்கணும்."

"ஊசியா?"

"ஊசிதான்."

"அப்ப, இருந்தா எனக்கு என்ன கிடைக்கும்?"

மேசை மேல் கிடந்த கோப்பில் இந்தக் கேள்விக்கு ஒன்றரைப் பக்கப் பதில் இருந்தது. டாக்டர் அதை எட்டி எடுக்கவில்லை.

"உனக்கு ஒண்ணும் கிடைக்காது," என்றார்.

மும்தாஜ் நிமிர்ந்து பார்த்தாள். டாக்டர்கள் இப்படிப் பேசி அவள் கேட்டதில்லை.

"அப்ப யாருக்கு?"

"இனிமே இந்த நோய் வரப்போற பிள்ளைங்களுக்கு. ஆறு வாரம் சாப்பிட்டவங்க எப்படி இருக்காங்கன்னு தெரிஞ்சாத்தான், மூணு வாரம் சாப்பிட்டவங்களை ஒப்பிட்டுப் பார்க்க முடியும்."

ரிஸ்வானா மடியில் இருந்த நோட்டின் அட்டையை நகத்தால் சுரண்டினாள்.

"வேண்டாம்னா ஏசுவீங்களா?"

"ஏச மாட்டேன். அடுத்த மாசம் நீ வந்தா இதே மாதிரிதான் பார்ப்பேன். இவ்வளவு நேரம் உட்கார்ந்து கேட்டியே, அதுக்கே உனக்கு நன்றி சொல்லணும்."

"எனக்கா?"

"உனக்குத்தான். நன்றிம்மா."

டாக்டர் நன்றி சொன்னது ரிஸ்வானாவுக்குக் கூச்சமாக இருந்தது. உம்மாவின் தோளில் முகத்தை ஒளித்துக்கொண்டாள். யாரும் அவளை அவசரப்படுத்தவில்லை. கீழே ஆட்டோவுக்கு ஆள் காத்திருப்பது தெரிந்தும் செல்லக்கனி எழுந்திருக்கவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து ரிஸ்வானா தலையைத் தூக்கினாள். இருக்கிறேன் என்றாள்.