தாளிப்பு வரி

ஆலங்கரை அரண்மனையில் எனக்கு விதூஷகன் வேலை. ராஜா சிரிக்க வேண்டும், அதற்குத்தான் சம்பளம். அந்தச் சம்பளம் ஊரார் கட்டும் வரியிலிருந்து வருகிறது என்பதால், தெருவில் யாராவது வரியைத் திட்டினால் வானத்தைப் பார்த்துக்கொண்டு நடந்துவிடுவேன். தைரியத்துக்கும் எனக்கும் கொஞ்சம் தூரம். வயிற்றுக்கும் எனக்கும்தான் நெருக்கம்.

எங்கள் ராஜா பூவேந்திரருக்கு ஓர் ஆசை. ஊர்க் குளத்தில் கல்மண்டபம் ஒன்று மிதக்க வேண்டும், அதில் உட்கார்ந்து அவர் பாட்டுக் கேட்க வேண்டும். கட்டினார்கள். மூழ்கியது. கல்லில் கனம் போதவில்லை என்றார் மந்திரி காளத்தி. இன்னும் கனமான கல்லில் கட்டினார்கள். அது இன்னும் சீக்கிரம் மூழ்கியது. மூன்றாவதற்குக் கல் வந்து இறங்கியபோது கஜானாவில் எலி மட்டும்தான் இருந்தது.

"வரி போடலாம், மகாராஜா," என்றார் காளத்தி.

"எதன்மேல்? உப்பிலிருந்து ஓலைக்கூரை வரைக்கும் போட்டாயிற்றே."

"காசுள்ள வீட்டில் தாளிக்கிற வாசனை வரும். வாசனை வந்தால் அடுப்புக்கு உடனே களிமண் முத்திரை. வரியைக் கட்டினால் முத்திரையை எடுப்போம்."

எனக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்க வைப்பது என் வேலை, அதையும் மந்திரியே செய்துவிட்டாரே என்று கொஞ்சம் பொறாமையாகவும் இருந்தது. ஆனால் ராஜா சிரிக்கவில்லை. கையெழுத்துப் போட்டார்.

மறுநாள் முதல் வசூல்காரர்கள் தெருத்தெருவாக மூக்கைத் தூக்கிக்கொண்டு அலைந்தார்கள். ஊரில் கடுகு வெடிப்பது நின்றது. என் மனைவி செங்கமலம் வெந்த பருப்பை அப்படியே இலையில் கொட்டினாள்.

"இதென்ன, பத்தியமா?" என்றேன்.

"அரண்மனை விதூஷகர் வீட்டு அடுப்புல முத்திரை வச்சா, அதைவிடப் பெரிய சிரிப்பு என்னங்க இருக்கு? பேசாம சாப்பிடுங்க."

பேசாமல் எழுந்து ஆவுடையின் சோற்றுக்கடைக்குப் போனேன். அவள் வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். உள்ளே அடுப்பின் வாயில் களிமண் அப்பியிருந்தது.

"ரசத்துக்குத் தாளிச்சேன் சாமி. தாளிக்காம வச்சா அது ரசமா, வெந்நி. எதுத்தாப்புல மந்திரியோட மச்சான் கடை. அங்க தெனமும் நெய் மணக்குது. அங்க மட்டும் இவங்க மூக்கு வேலை செய்யல. நாளைக்குள்ள வரி கட்டலைன்னா கடையையே எடுத்துக்குவாங்களாம். எம்புள்ளைங்க ரெண்டும் இந்த அடுப்ப நம்பித்தான் இருக்கு."

முகத்தைத் திருப்பிக்கொண்டாள். எனக்கு மனசு கேட்கவில்லை. பசியும் இருந்தது. இரண்டில் எது அதிகம் என்று கேட்காதீர்கள்.

நேராக அவைக்குப் போனேன். "மகாராஜா, வசூல் போதாது. இன்னும் கடுமையாகச் செய்ய வேண்டும்," என்றேன்.

காளத்தி முதல்முறையாக என்னைப் பார்த்துப் புன்னகைத்தார். நான் தொடர்ந்தேன். "வசூல்காரர்களுக்குக் கண் இருக்கிறது. யார் வீடு என்று அது பார்த்துவிடுகிறது. கண்ணைக் கட்டிவிட்டால் மூக்கு நேராகப் போகும். அவர்களை யாரும் எங்கேயும் தடுக்கக்கூடாது என்றும் ஓர் உத்தரவு வேண்டும்."

"நல்ல யோசனைதானே, காளத்தி?" என்றார் ராஜா.

கடுமை வேண்டாம் என்று காளத்தி எந்த வாயால் சொல்வார்? தலையை ஆட்டினார். ஆட்டிய கையோடு, அடுப்பை அணைத்துவை என்று மச்சானுக்கு ஆளனுப்பினார்.

மறுநாள் உச்சிப்பொழுது. கண்ணைக் கட்டிய வசூல்காரர்கள் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு கிளம்பினார்கள். பின்னால் ஊரே போனது. தெருக்களில் ஒரு வாசனையும் இல்லை. கோயில் முனை திரும்பியதும் முன்னால் போனவர் நின்றார். நெய், பெருங்காயம், கறிவேப்பிலை. மூக்கு விடைத்தது. நடை வேகமெடுத்தது. அரண்மனை வாசலில் காவலாளி ஈட்டியைத் தூக்கினான், உத்தரவு ஞாபகம் வந்து இறக்கினான். அவர்கள் நேராக மடைப்பள்ளிக்குள் புகுந்து, கிடைத்த அடுப்பிலெல்லாம் களிமண்ணை அப்பினார்கள்.

சாப்பாட்டுக் கூடத்தில் ராஜா இலைக்கு முன்னால் உட்கார்ந்து தண்ணீர் தெளித்துவிட்டுக் காத்திருந்தார்.

"சாப்பாடு எங்கே?"

சமையற்காரர் கரண்டியோடு ஓடிவந்தார். "அடுப்புக்கு முத்திரை வைத்துவிட்டார்கள், மகாராஜா."

"என் அடுப்புக்கா? சரி, வரியைக் கட்டி எடுக்கச் சொல்."

கஜானாக்காரர் தரையைப் பார்த்தார். "ஒன்றும் இல்லை, மகாராஜா. வசூலானதெல்லாம் மூன்றாவது மண்டபத்துக்குப் போய்விட்டது."

ராஜாவுக்கு முகம் சிவந்தது. "கையில் காசில்லை என்றால் அடுப்பை மூடிவிடுவதா? மனிதன் எப்படிச் சாப்பிடுவது?"

எப்படியோ சொல்லிவிட்டேன்: "இதையேதான் சோற்றுக்கடை ஆவுடையும் தன் வாசலில் உட்கார்ந்து கேட்கிறாள், மகாராஜா."

ராஜா வெறும் இலையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். என் தலை போயிற்று என்றே நினைத்தேன். மெதுவாக அவர் தொந்தி குலுங்க ஆரம்பித்தது. கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். பிறகு எழுந்து, "முதலில் ஆவுடை அடுப்பில் முத்திரையை உடையுங்கள். இன்றைக்கு எனக்கும் அங்கேதான் சாப்பாடு," என்றார். அன்றோடு தாளிப்பு வரி ஒழிந்தது.

"உனக்குப் பரிசு கொடுக்கக் காசில்லை," என்றார் என்னிடம். "குளத்து மண்டபம் கட்டி முடிந்ததும் அது உனக்கே."

கட்டி முடித்தார்கள். என் மண்டபம் ஒரு பொழுது நின்றது. பிறகு தன் அண்ணன்மாரிடம் போய்ச் சேர்ந்தது.

அடுத்த நாள் ஆவுடை கடையில் மணக்க மணக்க ரசம் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது ஒரு வசூல்காரர் வந்து நின்றார்.

"உங்க பேர்ல ஒரு மண்டபம் இருக்குதாமே. அதுக்கு வரி கட்டணும்."

"அதுதான் மூழ்கிப்போச்சே ஐயா."

"தெரியுமுங்க. அதான் மேல நிக்கிற தண்ணிக்கும் சேர்த்துப் போட்டிருக்கு."