பச்சையம்மா குளிப்பாட்டின டாங்கி

ஒரு ஊர்ல ஒரு அக்கா, ஒரு தம்பி. ஊரு குடியாத்தம் பக்கம். அக்கா பேரு பச்சையம்மா, தம்பி பேரு கோதண்டம். ரெண்டு பேருக்கும் தலை நரைச்சாச்சு. ஆனா சண்டைன்னு வந்தா உன்னையும் உங்க அண்ணனையும் மாதிரிதான். என்னடி சிரிப்பு? கண்ணை மூடிட்டு 'ம்' கொட்டு. ம்... ஆங், அப்படி.

இந்தப் பச்சையம்மா இருக்காளே, அவளுக்கு அழுக்குன்னா ஆகாது. காக்கா வந்து சுவத்துல உக்காந்துட்டுப் போனாக்கூட ஈரத்துணியைத் தூக்கிட்டு ஓடுவா. வீடு பளபளன்னு இருக்கும். உள்ள போறவங்களுக்குக் காலை எங்க வைக்கிறதுன்னே பயமா இருக்கும்.

தம்பி பட்டாளத்துல டாங்கி ஓட்டினவன். டாங்கி தெரியுமில்ல? இரும்பு வண்டி, காலுக்குப் பதிலா சங்கிலிப்பட்டை, முன்னாடி நீட்டிக்கிட்டு ஒரு பீரங்கி. கடகடகடன்னு போகும். ரிட்டையர் ஆகி வந்தும் அவனுக்கு அந்த வண்டி நெனப்புதான். அப்போ என்ன பண்ணினான், பிளாஸ்டிக்ல உள்ளங்கை அளவு டாங்கி ஒண்ணு வாங்கி, ஒட்டி, பச்சை பெயிண்ட் அடிச்சான். அதோட விட்டானா? அதை அழுக்காக்க உக்காந்துட்டான்! மெல்லிசு பிரஷ்ஷால பட்டையில சேறு வைப்பான். ஊசியால கீறுவான். துருப்புடிச்ச மாதிரி காவி தொட்டு வைப்பான். மாசக்கணக்கா இதே வேலை. அவன் ஓட்டின வண்டி அப்படித்தானே இருந்துச்சு! "இது முள்ளுவேலியில பட்டதுக்கா, இது ஆத்துல எறங்கினப்போ ஒட்டின சேறு"ன்னு சாப்பிடுறப்பல்லாம் சொல்லுவான். அவ ரசம் ஊத்திக்கிட்டே 'ம், ம்'னுவா.

அப்புறம் ஆயுத பூஜை வந்துச்சு. பச்சையம்மா மிக்ஸியக் கழுவினா, சைக்கிளக் கழுவினா, அருவாமணையக் கழுவினா. அப்போ மேஜை மேல இருந்த டாங்கி கண்ணுல பட்டுச்சு. "அடக் கடவுளே! வீட்டுல இருக்கிற ஒரே நெசமான ஆயுதம் இதுதான். இதைப் போயி இப்படி நாறப் போட்டிருக்கானே!" அவ்ளோதான். புளி, சாம்பல், பழைய டூத் பிரஷ். சரக் சரக் சரக்! அப்புறம் தேங்காய் எண்ணெய் தடவி, சந்தனம் குங்குமம் வச்சு, பீரங்கி மூக்குல பூ சுத்தினா. வண்டிக்குக் கீழ நசுக்க எலுமிச்சம்பழம் வைக்கணுமில்ல? எலுமிச்சம்பழம் டாங்கி உசரத்துக்கு இருக்குன்னு, பட்டைக்கு ஒண்ணா ரெண்டு சுண்டக்காய் வச்சா! ம் சொல்லு. சிரிச்சது போதும்.

கோதண்டம் வந்து பாத்தான். கத்துவான்னு பாத்தா, கத்தல. கண்ணுல தண்ணி கட்டிக்கிச்சு. அப்புறம் பரண்லேர்ந்து ட்ரங்குப் பெட்டியை எறக்கினான், தடால்! சுவத்தைப் பாத்துச் சொன்னான்: "வெள்ளிக்கிழமை நான் ஆம்பூர் போறேன். அங்கயே ரூம் எடுத்துத் தங்கிக்கிறேன்." அன்னியிலேர்ந்து அக்காகூடப் பேச்சு இல்ல. அவ கையால சாப்பாடும் இல்ல. பரோட்டாக் கடையில போயி சாப்பிட்டுட்டு வருவான்.

பச்சையம்மாவுக்கு இருக்கிறது ஒரே தம்பி. அவனும் போயிட்டா இவ்ளோ பெரிய வீட்டைப் பெருக்கி யாருக்குக் காட்டுறது? "சரி, கெடுத்தவ நான், நானே சரி பண்றேன்"ன்னு, அவன் கடைக்குப் போற நேரமாப் பாத்து உக்காந்தா.

மொதல்ல முருங்கை மரத்தடிச் சேத்தை எடுத்து அப்பினா, சப் சப்புன்னு. காஞ்சதும் பொலபொலன்னு கொட்டிப்போச்சு. கொட்டின மண்ணைப் பாத்ததும் கை சும்மா இருக்குமா? மேஜையத் தொடைச்சா. தொடைச்ச வேகத்துல டாங்கியையும் சேத்துத் தொடைச்சுட்டா! தலையில அடிச்சுக்கிட்டா.

அப்புறம் துருவுக்குன்னு காலையில மிஞ்சின காப்பியைப் பூசினா. கலர் என்னமோ அச்சு அசல் துருதான். ஆனா சக்கரை போட்ட காப்பியாச்சே! சாயங்காலம் பாத்தா எறும்பு வரிசை கட்டி ஏறுது. டாங்கியை எறும்புப் பட்டாளம் புடிச்சிடுச்சு! மறுபடியும் கழுவல். சளக் புளக். ம்?

அப்போ அவளுக்கு அழுகையே வந்துடுச்சு. "என் ஜென்மத்துல அழுக்கு பண்ணித் தெரியாதே!"ன்னு மூக்கைச் சிந்தினா. சிந்திட்டு நிமிர்ந்தா, எதிர்ல சுவிட்ச் போர்டு. அதுல விரல் படுற எடத்துல மட்டும் கறுப்பு. அட! அழுக்கு எங்க வரும்னு இவளை விட யாருக்குத் தெரியும்? அதைத் தொரத்திக்கிட்டே திரிஞ்சவளாச்சே! கதவுன்னா அடி மூலையில சேரும். குழாய்க்குக் கீழ ஒழுகின தடம் இருக்கும். படின்னா கால் படுற ஓரம் தேயும். பொகை வர்ற எடத்துக்கு மேலதான் கரி ஏறும்.

அவ்ளோதான், எறங்கிட்டா. தம்பியோட பெயிண்ட் டப்பாவத் தொறந்து, பச்சை போன எடத்துக்குப் பச்சை வச்சா. மண்ணு கலரைத் தண்ணியாக் கரைச்சு இடுக்குல விட்டா, மேல மட்டும் லேசா ஒத்தி எடுத்தா. செங்கல் பொடியைப் பெயிண்ட்ல கொழைச்சு அடியில பூசினா. விளக்குக் கரியைத் தொட்டுப் பொகைக் குழாய் மேல ஊதினா, ஃபூ! ஏறி எறங்குற மூடி ஓரத்தை ஊசியால தேச்சா. அப்புறம், ரசம் ஊத்துறப்போ அவன் சொன்னதையெல்லாம் ஒண்ணொண்ணா நெனச்சுப் பாத்துக் கீறினா. ம் ம்னுட்டு இருந்தாலும் காதுல விழுந்திருக்கு பாரு.

வெள்ளிக்கிழமை வந்துச்சு. கோதண்டம் பெட்டியோட வெளிய வந்தவன் டாங்கியைப் பாத்தான். பெட்டியக் கீழ வச்சான். கையில எடுத்தான். கண்ணாடியத் தூக்கிவிட்டுப் பாத்தான். பச்சையம்மா சமையக்கட்டுக் கதவுக்குப் பின்னாடி நின்னு எட்டிப் பாத்தா.

"மூடி ஓரத்தைத் தேச்சது யாரு?"ன்னான். சுவத்துக்கிட்ட இல்ல, அவகிட்டயே கேட்டான்.

"நான்தான். தெனம் ஏறி எறங்கினா தேயாதா?"

"முள்ளுவேலிக் கீறல் எடது பக்கம்."

"வலது பக்கம்னுதான் சொன்ன!"

"எடதுக்கா."

"வலதுடா! எனக்கா சொல்ற?"

அவன் கண்ணை மூடி யோசிச்சான். "ஆமா... வலதுதான்"ன்னான். அப்புறம் பீரங்கிக்குப் பக்கத்துல விரலை வச்சான். "இது என்ன கீறல்? என் வண்டியில இது கெடையாதே."

பச்சையம்மாவுக்கு மொகம் சுண்டிப்போச்சு. "அது... அன்னிக்குப் புளி போட்டுத் தேச்சப்போ நான் கீறினதுடா. எவ்ளோ பூசியும் மறையல. தெரியாமப் பண்ணிட்டேன் தம்பி, போயிடாதடா."

கோதண்டம் அந்தக் கீறலையே தடவிப் பாத்தான். சிரிப்பு பொத்துக்கிட்டு வந்துச்சு. "எத்தனையோ குண்டுக்குத் தப்பின வண்டிக்கா இது. உன் கையில மாட்டிக்கிச்சு. இருக்கட்டும், மறைக்காத. இதுவும் சண்டையில பட்டதுதான்."

டாங்கியை மேஜை மேல வச்சான். பெட்டியக் காலால ஓரமாத் தள்ளினான். பலகையில உக்காந்தான்.

"பசிக்குதுக்கா"ன்னான்.

டாங்கி ஷெட்டுக்குப் போச்சு, கதையும் காலை நீட்டிப் படுத்துருச்சு. ம்? 'ம்'மே காணோமே. தூங்கு கண்ணு, தூங்கு.