ரெண்டு பாதியையும் தானே சொன்ன பிரகாசி

ஒரு ஊர்ல, ஊரு பேரு மட்டும் கேக்காதிய, பேரச் சொன்னா அந்த ஊர்க்காரன் நாளைக்கே வந்து "எங்க ஊர எப்படிச் சொல்லலாம்"னு வாசல்ல நிப்பான், ஒரு ஊர்ல பிரகாசின்னு ஒருத்தி இருந்தா. பனங்காட்டு ஊரு. கோயிலு ஒண்ணு, தெரு ஒண்ணு, கெணறு ஒண்ணு. அவ மாப்பிள்ளை பேரு தொம்மை. பனையேறி. காலையில ஏறுவான், சாயங்காலம் ஏறுவான், நடுவுல பதனியக் காய்ச்சிக் கருப்பட்டி ஊத்துவான். அதுக்குன்னு வீட்டுக்குப் பின்னால ஒரு குடிசை, குடிசைக்குள்ள அடுப்பு, அடுப்புமேல பாகு கிண்டுத பெரிய தாச்சி.

பிரகாசிக்கு ஒரே ஒரு வியாதிதான். சந்தேகம். கோழி முட்டையிட்டா, "இன்னைக்கு மட்டும் ஏன் சின்னதா இருக்கு?"ம்பா. பக்கத்து வீட்டுக் கித்தேரி சிரிச்சா, "எதுக்குச் சிரிக்கா?"ம்பா. சிரிக்கலன்னா, "எதை மறைக்கா?"ம்பா. மாப்பிள்ளை சாப்பிட்டுட்டு, "கொழம்பு நல்லாருக்குட்டி"ன்னு சொல்லிட்டான்னா போச்சு. "என்ன தப்பு பண்ணிட்டு வந்தீரு?"ன்னு புடிச்சிருவா.

எவன்டா அங்க சிரிக்கிறது? என்னையச் சொல்லுதேன்னு நெனைக்கியளா? நான் சந்தேகப்பட்டா அதுல ஒரு நியாயம் இருக்கும்.

அப்புறம் என்னாச்சு, ஒரு ஞாயித்துக்கெழம பூசையில சாமியாரு பிரசங்கம் வச்சாவ. "சர்வேசுரனுடைய ராச்சியம் வானத்துல எங்கயோ இல்ல, பீடத்துக்குப் பின்னாலயும் இல்ல. ஒங்க ஒவ்வொருத்தர் நெஞ்சுக்குள்ளயும் இருக்கு. கடுகு மாதிரி சின்னதா இருக்கு. செபத்தச் சொல்லிச் சொல்லி அத வளத்துக்கிடணும்"னு சொன்னாவ. ஊரே கேட்டுது, ஊரே தலைய ஆட்டுச்சு, ஊரே வீட்டுக்குப் போயி கறிக்கொழம்பு வச்சுது. பிரகாசி மட்டும் நெஞ்சக் கையால அமுக்கிக்கிட்டு ஓட்டமா ஓடி வந்தா.

"அடியாத்தே! எனக்குள்ள ஒரு ராச்சியமே இருக்கா? அப்ப எவனாவது களவாண்டுட்டுப் போயிருவானே!"

பாத்தியளா அவ புத்திய.

செபமால எப்படிச் சொல்லுவோம்? ஒருத்தர் "அருள் நிறைந்த மரியாயே வாழ்க"ன்னு மொதப் பாதி சொல்லுவாவ. மத்தவிய "அர்ச்சிஷ்ட மரியாயே"ன்னு பின்பாதி சொல்லுவாவ. பிரகாசி யோசிச்சா. "ஏஞ் செபத்துல பாதிய அடுத்தவ வாயில குடுத்தா ராச்சியத்துலயும் பாதி அவளுக்குல்லா போயிரும்?" அன்னையில இருந்து மொதப் பாதியும் அவதான், பின்பாதியும் அவதான். "பாவிகளாயிருக்கிற எங்களுக்காக"ன்னு வரும்லா, அதக்கூட "எனக்காக"ன்னு மாத்திக்கிட்டா. "எங்களுக்காகன்னா அதுல யாரு யாரு இருக்கான்னு நமக்கு என்ன தெரியும்?"ன்னா. தொம்மை பாவம், வாயத் தொறக்க எடமே இல்லாம பக்கத்துல முழங்கால்ல நின்னுக்கிட்டே ஒறங்கிப் போவான்.

அப்புறம் மே மாசம் வந்துது, மாதா வணக்க மாசம். அப்ப ஒருத்தன் அந்தத் தெருவுல வந்தான். தோள்ல ஒரு சாக்கு, சாக்கு நெறையப் பூட்டு. "பூட்டு, பூட்டேய்!"னு கூவிக்கிட்டு ஒவ்வொரு வீடாத் தாண்டி வந்தவன், பிரகாசி வீட்டு வாசல்ல நின்னுட்டான்.

"யக்கா, ஒங்க வீட்டுல பெரிய சொத்து ஒண்ணு இருக்கு போல."

"ஒனக்கு யாரு சொன்னா?"

"யாரும் சொல்லலக்கா. ஒங்க மொகத்தப் பாத்தாலே தெரியுது. ராச்சியத்துக்குச் சொந்தக்காரி மொகம். ராச்சியம்னா கோட்டை வேணும். கோட்டைன்னா பூட்டு வேணும்லா?"

அவளுக்கு உச்சி குளுந்து போச்சு. ஊருல ஒருத்தருக்கும் தெரியாத ரகசியம் இவனுக்குத் தெரிஞ்சிருக்கே, அப்ப இவன் பெரிய ஆளுதான்னு உள்ள கூப்புட்டுட்டா.

இப்ப நீங்க நல்லாக் கவனிங்க. நான் மூணு விசயம் சொல்லுதேன். மொத விசயம், நிலையில தீர்த்தத் தொட்டி இருந்துச்சு. உள்ள வாரவிய தொட்டுச் சிலுவ போட்டுட்டு வருவாவல்லா, அவன் அந்தப் பக்கம் மொகத்தத் திருப்பாமச் சுவத்த ஒட்டி நழுவி வந்தான். ரெண்டாவது விசயம், ஆட்டுத் தொழுவத்துல படுத்துக்கிடுதேன்னான். அவன் உள்ள போன ஒடனே மூணு ஆடும் கயித்த அத்துக்கிட்டு வெளிய வந்து கொட்டுத கோடை மழையில நின்னுச்சு. மூணாவது விசயம், கூலி வேண்டாம்னான். வேல செஞ்சிட்டுக் கூலி வேண்டாங்குதவன நம்பலாமா? யாருன்னு ஒங்களுக்குத் தெரிஞ்சிட்டுல்லா? முட்டையச் சந்தேகப்பட்டவளுக்கு, சிரிப்பச் சந்தேகப்பட்டவளுக்கு, அவனச் சந்தேகப்படத் தோணல.

மொத நாளு அவன் சொன்னான். "யக்கா, ஒங்களுக்கும் கித்தேரிக்கும் நடுவுல சுவத்துல ஒரு சின்ன வாசல் இருக்கே, எதுக்கு?"

"அவ நெருப்பெடுக்க வருவா, நான் கருவேப்பில பறிக்கப் போவேன்."

"நெருப்பெடுக்க மட்டுமா வாரா? நீங்க செபம் சொல்லுத நேரமாப் பாத்துல்லா வாரா!"

அவ்வளவுதான். சின்ன வாசல்ல ஒரு பூட்டு. கித்தேரி அந்தப் பக்கம் நின்னு, "மைனி, என்ன மைனி, நான் என்ன பண்ணுனேன்?"னு கேட்டா. "நீ என்ன பண்ணுனன்னு ஒனக்கே தெரியும்"னுட்டா இவ. கித்தேரிக்குக் கண்ணு கலங்கிப் போச்சு. என்ன பண்ணுனோம்னு அவ மூணு நாளு ஒக்காந்து யோசிச்சா, ஒண்ணும் தெரியல.

ரெண்டாவது நாளு. தெருவுல மாதா சுரூபத்த, அதான் செலைய, ஒரு நாளைக்கு ஒரு வீடுன்னு தூக்கிட்டு வருவாவ, அந்த வீட்டுல ஊரே கூடிச் செபமால சொல்லும். "மாதா வாரது சரிதான்க்கா, கூட வாரது யாரு? ஊரே உள்ள வந்து ஒங்க ராச்சியத்த அளந்து பாத்துட்டுல்லா போவும்?"னான். தெருவாசல்ல ஒரு பூட்டு. மாதாவையே வேண்டாம்னுட்டா பாருங்க, பெத்த தாய வாசல்ல நிறுத்துன மாதிரி.

மூணாவது நாளு. "அண்ணாச்சி செபத்துல ஒறங்குதாரே, ஏன்க்கா?"

"பனையேறிக் களைச்சிருப்பாவ."

"நாப்பது பனை ஏறுதவரு முழங்கால்ல நிக்க மட்டும் களைச்சிருவாரா? ஒறங்குத மாதிரி கெடந்துக்கிட்டு, ஒங்க ராச்சியம் எம்புட்டு வளந்திருக்குன்னு ஒட்டுல்லா கேக்காரு!"

வீட்டுக்கதவுல மூணாவது பூட்டு. தொம்மை அரிவாளும் கலயமுமா வந்து நிக்கான், கதவு தொறக்கல.

"ஏட்டி, தொறட்டி. காப்பியாவது குடு."

"மொதல்ல நீரு ஏன் ஒறங்குதீருன்னு சொல்லும்."

"ஒறக்கம் வருது, ஒறங்குதேன்."

"பாத்தீரா, கடைசி வரைக்கும் உண்மையச் சொல்ல மாட்டேங்கீரு!"

அவன் என்ன செய்வான், கருப்பட்டிக் குடிசையிலயே போயிக் கெடந்தான். மூணு பூட்டுச் சாவியும் பூட்டுக்காரன் இடுப்புல. "பத்திரமா இருக்கட்டும்க்கா"ன்னு அவனே வாங்கிச் சொருகிக்கிட்டான்.

அதுக்குப் பொறவு பிரகாசிக்குக் காய்ச்சல் வந்துது. தொண்டை வீங்கிப் போச்சு. எச்சி முழுங்க முடியல. தண்ணி மோந்து குடுக்க ஆளு இல்ல. அவன் மட்டும் கால்மாட்டுல ஒக்காந்து, ஒரு சின்னப் பூட்ட எண்ணெ போட்டுத் தொடச்சிக்கிட்டே இருந்தான்.

"அது என்ன பூட்டு?"ன்னு முக்கி முனகிக் கேட்டா.

"இதுதான்க்கா கடைசிப் பூட்டு. வீட்டுக்கு இல்ல, ஒங்க நெஞ்சுக்கு. இன்னைக்குப் பொழுதடையில இதப் போட்டுட்டேன்னா ஒங்க ராச்சியத்துக்குள்ள ஒருத்தரும் வர முடியாது. கித்தேரி வர முடியாது. ஊரு வர முடியாது. அண்ணாச்சி வர முடியாது."

"சர்வேசுரன்?"

"அவரும்தான்" அப்படின்னுட்டான்.

வாய் தவறிச் சொல்லிட்டான். பிரகாசிக்கு அந்தக் காய்ச்சல்லயும் அது ஒறைச்சுது. சர்வேசுரனே வர முடியலன்னா அது யாரு ராச்சியம்?

அந்நேரம் கோயில்ல சாயங்காலத் திரிகால செப மணி அடிச்சுது. எத்தன வருசத்துப் பழக்கம், மணி கேட்டதும் கை தானாச் செபமாலையத் தேடுச்சு. "அருள் நிறைந்த மரியாயே வாழ்க"ன்னு தொடங்கி மொதப் பாதி சொன்னா. அதோட தொண்டை அடைச்சிட்டு. பின்பாதிக்குச் சத்தமே வரல. அவனத் திரும்பிப் பாத்தா.

"மீதியச் சொல்லு."

"எனக்குத் தொண்டை கட்டியிருக்குக்கா."

"தொண்டை கட்டுனது எனக்குல்லா!"

அவன் பூட்டப் பாத்தான், கூரையப் பாத்தான், தரையப் பாத்தான், வாய மட்டும் தொறக்கல. அப்பத்தான் பிரகாசிக்கு ஒவ்வொண்ணா ஓடுச்சு. இத்தன நாளா இவன் ஒரு ஆமென் சொல்லி நான் கேட்டிருக்கனா? வேற எந்த வீட்டுலயாவது இவன் தங்கியிருந்தா மொத நாளே பின்பாதி சொல்லச் சொல்லியிருப்பாவ, அன்னைக்கே குட்டு வெளிப்பட்டிருக்கும். ரெண்டு பாதியையும் நானே சொன்னேன், அதனாலதான் பசாசு என் வீடாப் பாத்துக் குடி வந்திருக்கு! ஒரு உருப்படியான சந்தேகம் அவளுக்கு அன்னைக்குத்தான் வந்துது.

அவன் சிரிச்சுக்கிட்டே பூட்டத் தூக்கிட்டுக் கிட்ட வந்தான். அவ இருக்குற உசுரெல்லாம் சேத்து மறுபடி மொதப் பாதியச் சொன்னா. யாரும் சொல்லல. பூட்டு நெஞ்சுக்கிட்ட வந்துட்டு. இன்னொரு தரம், தொண்டை கிழிஞ்சாலும் பரவால்லன்னு ஒரே கத்தாக் கத்துனா. "…உம்முடைய திருவயிற்றின் கனியாகிய சேசுவும் ஆசீர்வதிக்கப்பட்டவரே!"

சுவத்துக்கு அந்தப் பக்கம் கித்தேரி மீன் கழுவிக்கிட்டு இருந்தா. கோவந்தான். ஆனா பாதிச் செபம் காதுல விழுந்தா மீதி வாயில வந்துருமே, நம்ம வளப்பு அப்படி. "அர்ச்சிஷ்ட மரியாயே, சர்வேசுரனுடைய மாதாவே"ன்னு மீன் கையோட சொன்னா.

பசாசு தீப்பட்ட மாதிரி துள்ளி, தெருப்பக்கம் ஓடுச்சு. தெருவுல சனம் மாதா சுரூபத்தத் தூக்கிட்டு வேற வீட்டுக்குப் போய்க்கிட்டு இருக்கு. கித்தேரி சத்தத்தக் கேட்டதும் ஊரே நின்னு, "பாவிகளாயிருக்கிற எங்களுக்காக"ன்னு சேந்து எடுத்துச்சு. அது பின்பக்கம் ஓடுச்சு. அங்க தாச்சியக் கிண்டிக்கிட்டே தொம்மை, ஒறங்காமத்தான், "இப்பொழுதும் எங்கள் மரண நேரத்திலும் வேண்டிக்கொள்ளும்"னு முழங்குதான்.

பிரகாசி படுத்தபடிக்கே அழுதா. எங்களுக்காகன்னு அவ்வளவு பேரும் சொன்னாவளே, அந்த எங்களுக்குள்ள தன்னையும் வச்சிருக்காவன்னு நெனச்சு நெனச்சு அழுதா.

பசாசுக்கு இப்ப போக வழியில்ல. மூணு வாசல்லயும் அதோட பூட்டு. சாவி இடுப்புல இருக்கு, ஆனா ஓடுத அவசரத்துல எந்தச் சாவி எந்தப் பூட்டுக்குன்னு தெரியல. கடைசியில கூரையப் பிச்சுக்கிட்டு மேல பாய்ஞ்சுது. பாய்ஞ்சது எங்க விழுந்துச்சு? குடிசைக் கூரையையும் பொத்துக்கிட்டு நேரா தொம்மையோட கொதிக்கித தாச்சிக்குள்ள! அலறிக்கிட்டு எந்திரிச்சு ஓடுச்சு. ஓட ஓடப் பாகு ஆறி இறுகிப் போச்சு, பசாசு முழுசும் கருப்பட்டி. பனங்காட்டு எறும்பு விடுமா? கட்டெறும்பு, சுள்ளெறும்பு, பிள்ளையெறும்பு, எல்லாம் வரிசையா அது பின்னால பாதயாத்திரை போச்சு. ஊரத் தாண்டியும் அலறல் கேட்டுதாம்.

தொம்மை பனையேறில்லா, கூரை ஓட்ட வழியா ஒரே ஏத்தமா ஏறி உள்ள குதிச்சான். பிரகாசி வாயில தண்ணி ஊத்துனான். ஊரு சேந்து மூணு பூட்டையும் சம்மட்டியால ஒடைச்சுது. கித்தேரி கஞ்சி வச்சுக் கொண்டாந்தா.

"மைனி, ஒன்னைய வெரட்டுனேனே. எனக்கு ஏன் மீதியச் சொன்ன?"ன்னு பிரகாசி கேட்டா.

"கோவம் இன்னும் இருக்கு மைனி, அது அவ்வளவு சீக்கிரம் போகாது. அதுக்காகப் பாதியில நிக்கித செபத்தக் கேட்டுட்டுச் சும்மா இருக்க முடியுமா? சரி, நான் ஒண்ணு கேக்கேன். ராச்சியம் ராச்சியம்னு பூட்டி வச்சியே, ராச்சியம்னா குடிமக்க வேண்டாமா? ஆளே இல்லாத ராச்சியத்துல சர்வேசுரன் தனியா ஒக்காந்து என்ன செய்வாரு?"

பிரகாசி கஞ்சியக் குடிச்சா.

ஒடம்பு தேறுன பொறவு மாதாவ அவ வீட்டுக்குக் கொண்டாந்தாவ. வீடு கொள்ளாத சனம். பிரகாசி முழங்கால்ல நின்னு மொதப் பாதியச் சொல்லிட்டு, வாய இறுக்க மூடிக்கிட்டா. அந்தச் சின்ன எடவெளி இருக்கே, அது அவளுக்குப் பெரிய பாடு. சொல்லுவாவளா மாட்டாவளான்னு காதத் தீட்டிக்கிட்டு நின்னா. சொன்னாவ, சுவரு அதிரச் சொன்னாவ. அவ ஒத்தக் கண்ணத் தொறந்து எல்லாரும் முழுசாச் சொல்லுதாவளான்னு பாத்தா. பொறவிக் கொணம், என்ன செய்ய? பாத்துட்டு மூடிக்கிட்டா.

சந்தேகப்படாதியன்னு நான் சொல்ல மாட்டேன். ஆனா ஊரையே சந்தேகப்படுதவ வீட்டுலதான் சந்தேகப்பட வேண்டியவன் சம்மணம் போட்டு ஒக்காருவான்.

கதை பதமா இறங்கிட்டு, இதுக்கு மேல கிண்டுனா அடிப்பிடிக்கும்.