இறக்கத்தில் அணைத்த வண்டி

மலைமேல் ஒரு சின்ன மடம். அதில் பூரணத்தம்மா என்று ஒருவர் இருந்தார். வயது நாற்பதுதான். அவரிடம் சீடராகச் சேர்ந்த மாதையனுக்கோ அறுபது நெருங்கிக்கொண்டிருந்தது. ஊர்ப் பிள்ளைகளை வேனில் ஏற்றி அடிவாரத்துப் பள்ளியில் விட்டுக் கூட்டிவருவது மாதையனின் பிழைப்பு.

ஒரு நாள் மத்தியானம் வந்து உட்கார்ந்தவர் கண்ணை மூடினார், திறந்தார், மறுபடி மூடினார்.

"என்ன அண்ணே, இருப்புக் கொள்ளலையா?"

"கண்ணை மூடினா பங்க்குல விலை போட்டிருக்கிற போர்டுதாம்மா தெரியுது. பெட்ரோல் இன்னிக்கும் ஏறிடுச்சு. வீட்ல பாலைப் பாதியாக்கிட்டோம். சம்சாரம் சந்தைக்கு நடந்தே போறா. மாமியார் வீட்டுக்குப் போறதையும் நிறுத்தியாச்சு."

"அதுலயும் வருத்தமா?"

மாதையனுக்குச் சிரிப்பு வரவில்லை. "மனசு அடங்க ஒரு வழி சொல்லுங்கம்மா."

அம்மா செருப்பை மாட்டிக்கொண்டார். "அடிவாரம் வரைக்கும் என்னைக் கொண்டுபோய் விடுங்க. பேசிக்கிட்டே போவோம்."

முதல் வளைவு தாண்டியதும் மாதையன் சாவியைத் திருப்பி இன்ஜினை அணைத்தார். வேன் சத்தமில்லாமல் உருண்டது. இதில் அவருக்குக் கொஞ்சம் பெருமைகூட உண்டு, மறைப்பானேன்.

"ஏன் அணைச்சீங்க?"

"இறக்கம்தானேம்மா. சொட்டு பெட்ரோல் செலவில்லாம கீழே போயிடலாம்."

அடுத்த வளைவில் பிரேக் கல்லாக இறுகிவிட்டது. மாதையன் சீட்டிலிருந்து எழும்பி, முழு பாரத்தையும் வைத்து மிதித்தார். வண்டி பள்ளத்தோரத்துக் கல்லை உரசிக்கொண்டு திரும்பியது.

"இன்ஜின் ஓடலேன்னா பிரேக் இப்படித்தான். பழகிடுச்சு" என்றார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

"பிள்ளைங்க இருக்கும்போதும் இப்படித்தானா?"

மாதையன் ரோட்டையே பார்த்தார். "தினமும்தான்."

"வண்டியை ஓரமா நிறுத்துங்க."

நிறுத்தினார். அடக்கி வைத்ததெல்லாம் கொட்டிவிட்டது.

"எனக்கு மட்டும் பயமில்லையாம்மா? ஒவ்வொரு வளைவுலயும் உயிர் போய் வருது. வேற என்ன செய்ய? வேன் காசைக் கூட்டிக் கேக்கலாம். ஆனா பிள்ளைங்களோட தாய்மாருங்களும் என்னை மாதிரி இழுத்துப் பிடிச்சுக் குடும்பம் நடத்துறவங்கதானே. எந்த முகத்தை வச்சுக்கிட்டுக் கேப்பேன்? வாய் வரமாட்டேங்குது."

"இன்ஜினை அணைச்சிட்டுத்தான் இறங்குறேன்னு அவங்ககிட்ட சொல்லியிருக்கீங்களா?"

"ஐயோ, அதை எப்படிம்மா சொல்றது?"

அம்மா கதவைத் திறந்து இறங்கினார். சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, மலையேற்றத்தில் நடக்கத் திரும்பினார்.

"நாளைக்கு ரெண்டுல ஒண்ணை அவங்ககிட்ட சொல்லித்தான் ஆகணும் அண்ணே. எது சுலபமோ அதைச் சொல்லுங்க."